விமான நிலையத்தில் கம்பியில்லா இணைப்பு

தலைநகரில் வாழும் நம்மவர் இல்லங்களுக்கு ஊரிலிருந்து பெற்றோரும் உற்றாரும் இரயிலில் வருங்கால், மேடைச் சீட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு பெட்டியின் வாயில் வரை சென்று, கைப்பிடித்து இறக்கி அழைத்து வருகிறோம். விமானத்தில் வருவோர்க்கு இந்தச் சௌகரியம் இல்லை. சாமான்கள் வந்து சேரும் கூடம் வரை நாம் செல்ல இயலாது. வெளியே நின்றே எதிர்கொள்ள வேண்டும். அதிலும் டில்லி இந்திராகாந்தி விமான நிலையம் ஒரே கட்டிடமன்று. முதல் முனையம் ஓரிடத்திலும் மூன்றாம் முனையம் வெகு தொலைவிலும் உள்ளன. உள்ளிருப்போர்க்கும் வெளியிருப்போர்க்கும் கைப்பேசி ஒன்றே துணை.

கைப்பேசி பேசாதபோது, நிலையத்தார் இலவசமாக வழங்கும் வைஃபை என்னும் கம்பியில்லா இணைப்பு உதவும் என்று எண்ணுகிறோம். ஆயின் அதற்கும் ஒரு வாயிற்காவல் உண்டு. நம் எண்ணைக் கேட்டு, அதற்கு ஓர் இரகசிய எண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்பி, அதனைத் திரும்பப் பதிந்த பின்னரே இணைப்புக் கிடைக்கும். இதற்குக் காரணம் உண்டு. 2008-ஆம் ஆண்டு அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தபோது, நவி மும்பையில் பிறர் ஒருவரது காப்பற்ற இணைப்பின் வழியே மிரட்டல் மடல் அனுப்பப்பட்டது. 2009-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புத் துறை, பயன்படுத்துவோர் இன்னார் என்று அறிந்தே இணைப்பு வழங்கவேண்டும் எனப் பணித்தது.

ஆகவே, குறுஞ்செய்தி வந்து சேராத எண்ணை உடையவர் கதவருகே நின்றுவிடுகிறார். சென்ற ஆண்டு கோலாலம்பூரிலிருந்து வந்த எங்கள் சித்தியாருக்கு இதுவே நேர்ந்தது. எழுபது வயதைக் கடந்தவர். அவரது மலேசிய எண் இங்கு இயங்கவில்லை. ஒன்றரை மணி நேரம் நாங்கள் வெளியே கலங்கி நின்றோம். பின்னர் ஒரு துப்புரவுப் பணிப்பெண் தகவல் மேடையைக் காட்ட, அங்கே கடவுச்சீட்டைக் காட்டி அனுமதி எண் பெற்றார். “வெளியே இருக்கிறாயா, தம்பி?” என்ற செய்தி வந்த பிறகே எங்களுக்கு மூச்சு வந்தது.

உள்நாட்டிலும் இத்தொல்லை உண்டு. பிற மாநிலங்களில் வாங்கிய முன்கட்டண எண்கள் ஜம்மு காஷ்மீரில் இயங்குவதில்லை. ஸ்ரீநகருக்குச் சுற்றுலா செல்லும் குடும்பத்தில் ஒருவரேனும் பின்கட்டண எண் வைத்திருத்தல் நலம்.

இணைப்புக் கிடைத்த பின்னும் எச்சரிக்கை வேண்டும். நிலையத்தின் பெயரைப் போன்றே போலிப் பெயரில் வலை விரிப்போர் உளர். அறிவிப்புப் பலகையில் கண்ட பெயரையே தேர்ந்தெடுக்க வேண்டும். வங்கிக் கணக்கைப் பொது இணைப்பில் திறத்தல் கூடாது. இலவச நேரமும் அளவுபட்டதே. முதற்செய்தி வீட்டாருக்குச் செல்லட்டும்.

இவை அனைத்திற்கும் மேலாக, வருகின்ற முதியோரின் பையில் நம் பெயர், கைப்பேசி எண், முகவரி, இறங்கும் முனையம் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒரு சீட்டு இருக்கட்டும். எந்த இணைப்பும் இல்லாத வேளையில், அருகிலிருப்பவரிடம் அதை நீட்டினால் போதும். அவரது கைப்பேசியிலிருந்து நமக்கு அழைப்பு வரும்.