நல்லாத்தானே ஓடுது.. பழைய பிரவுசரை எதுக்கு மாத்தணும்?

உங்கள் லேப்டாப்பில் என்ன பிரவுசர் வைத்திருக்கிறீர்கள்?

பெரும்பாலானோர் குரோம் என்பீர்கள். சிலர் ஃபயர்பாக்ஸ் என்பீர்கள்.

என் பழைய லேப்டாப்பில் இருப்பது "வாட்டர்ஃபாக்ஸ் கிளாசிக்".

பேரே கேள்விப்பட்டதில்லையா? பரவாயில்லை. பத்துப் பேரிடம் சொன்னால் ஒன்பது பேர் "ஃபயர்பாக்ஸைத்தான் மாத்திச் சொல்றீங்களா டாக்டர்?" என்பார்கள்.

இதை அப்கிரேட் செய்வதா வேண்டாமா என்று சில மாதங்களாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். முடிவை விட, அதற்கு வந்து சேர்ந்த வழி உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். இந்த பிரவுசர் உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் "நல்லாத்தானே ஓடுது" என்று விட்டுவைத்த ஏதோ ஒரு பழைய சாப்ட்வேர் உங்கள் வீட்டிலும் கட்டாயம் இருக்கும்.

முதலில் இதன் கதை.

2011-ல் அலெக்ஸ் கான்டோஸ் என்ற 16 வயது மாணவர் உருவாக்கியது வாட்டர்ஃபாக்ஸ். அப்போது விண்டோஸில் ஃபயர்பாக்ஸ் 32 பிட்டில் மட்டுமே வந்துகொண்டிருந்தது. அதன் மூல நிரலை எடுத்து 64 பிட்டுக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுத்தார். ஃபயர்பாக்ஸே விண்டோஸுக்கு 64 பிட் பதிப்பை முறையாகக் கொடுத்தது 2015 டிசம்பரில்தான்.

அடுத்த திருப்பம் 2017 நவம்பர் 14.

அன்று ஃபயர்பாக்ஸ் 57 வந்தது. நல்ல வேகம். ஆனால் அதுவரை இருந்த பழைய வகை எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் ஒரே நாளில் செயலிழந்தன. அவற்றை விட மனமில்லாதவர்கள் ஒதுங்கிய இடங்களில் ஒன்றுதான் வாட்டர்ஃபாக்ஸ். ஃபயர்பாக்ஸ் 56-ஐ அடித்தளமாக வைத்து, பழைய எக்ஸ்டென்ஷன்களையும் ஓடவிட்டது. பிறகு அந்தக் கிளைக்குத்தான் "கிளாசிக்" என்று பெயர் வந்தது.

நான் ஒதுங்கியதும் ஒரே ஒரு எக்ஸ்டென்ஷனுக்காகத்தான்.

அதன் பெயர் "ஸ்கிராப்புக்".

ஒரு பக்கத்தைப் படிக்கும்போதே, படங்களோடு அப்படியே கம்ப்யூட்டரில் சேமித்துவிடும். முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் அடிக்கலாம். தலைப்பு வாரியாக அடுக்கலாம்.

எம்பிபிஎஸ் படித்த காலத்தில் தொடங்கி, பிஜி நுழைவுத் தேர்வுக்கு மோதிய வருடங்கள் வரை சேர்த்தது எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஈசிஜி, எக்ஸ்ரே, பாம்புக்கடி, விஷ முறிவு.. ஆயிரத்துக்கு மேல் பக்கங்கள். அதில் பல பக்கங்கள் இன்று இணையத்திலேயே இல்லை. தேடினால் "பக்கம் கிடைக்கவில்லை" என்றுதான் வரும். இப்போதும் எங்கள் ஹவுஸ் சர்ஜன் தம்பி தங்கைகள் "அண்ணா, அந்த ஈசிஜி கலெக்ஷன் கொஞ்சம் பாக்கலாமா?" என்று வந்து உட்கார்வார்கள்.

அப்கிரேட் செய்தால் இது திறக்குமா? இதுதான் என் பயம்.

சரி.. பயத்தைத் தள்ளி வைத்துவிட்டு யோசிப்போம்.

ஓபியில் தினமும் கேட்கும் வசனம் ஒன்று உண்டு. "இந்த மாத்திரை எனக்கு நல்லா கேக்குது சார்.. மாத்திடாதீங்க."

பி.பி. மாத்திரை சாப்பிடுபவர் இதைச் சொன்னால் நாங்கள் அதோடு விடுவதில்லை. கையைப் பிடித்து பி.பி. பார்ப்போம். ஏன்? ரத்த அழுத்தம் ஏறியிருந்தாலும் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. "எனக்கு ஒண்ணும் இல்ல" என்ற உணர்வு அங்கே ஆதாரம் ஆகாது.

பிரவுசரும் அப்படித்தான். பக்கம் திறக்கிறது, வீடியோ ஓடுகிறது என்பதால் அது பாதுகாப்பாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. "வேலை செய்கிறதா?" என்பது ஒரு கேள்வி. "பாதுகாப்பானதா?" என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் தேட வேண்டும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன்.

2023 செப்டம்பரில் "வெப்பி" என்ற பட வடிவத்தைப் படிக்கும் நிரலில் ஒரு ஓட்டை வெளியே தெரிந்தது. அதற்கென்று தயாரித்த ஒரு படம் திரையில் வந்தாலே போதும், அதன் வழியாக உள்ளே நுழையலாம். நீங்கள் எதையும் டவுன்லோட் செய்ய வேண்டியதில்லை. தாக்குபவர்கள் அதை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டும் இருந்தார்கள். குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் எல்லாம் சில நாட்களில் அதை அடைத்துவிட்டன.

இங்கே கவனிக்க வேண்டியது அந்த ஒரு ஓட்டையை அல்ல. ஓட்டைகள் வந்துகொண்டேதான் இருக்கும். அதை அடைக்க, அந்த வேகத்தில், ஆள் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

வாட்டர்ஃபாக்ஸ் கிளாசிக்குக்கு அந்த அளவு ஆள் இல்லை. 2017-ன் நிரலும் இன்றைய நிரலும் வெகுதூரம் விலகிவிட்டன. ஃபயர்பாக்ஸுக்கு எழுதும் திருத்தத்தை அப்படியே எடுத்து இதில் ஒட்ட முடியாது.

அப்படியானால் பழையதில் நிற்பவர்கள் எல்லாம் பிடிவாதக்காரர்களா?

இல்லை. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

2013 ஜூலையில் ஓபரா தன் சொந்த எஞ்சினைக் கைவிட்டு, குரோமியத்தின் மேல் கட்டிய 15-ம் பதிப்பைக் கொடுத்தது. 12-ல் இருந்த புக்மார்க் வசதி கூட அதில் சரியாக இல்லை. உள்ளேயே இருந்த மெயிலும் தனியாகப் போய்விட்டது. "அப்கிரேட்" என்று அழுத்தியவர்களுக்குக் கிடைத்தது வேறொரு பிரவுசர். அந்த ஏமாற்றத்துக்கு நடுவில்தான் ஓபராவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் வான் டெட்ஸ்னர், பிறகு விவால்டி என்ற பிரவுசரைக் கொண்டுவந்தார்.

எனவே அப்டேட் வேறு, அப்கிரேட் வேறு.

ஓட்டையை அடைப்பது அப்டேட். அதைத் தள்ளிப்போடக் கூடாது.
வீட்டையே மாற்றுவது அப்கிரேட். அதற்குத் திட்டம் வேண்டும்.

என் விஷயத்தில் சிக்கல் என்னவென்றால், வீட்டை மாற்றாமல் ஓட்டையை அடைக்க இனி வழி இல்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஆபத்து என்னோடு நிற்கிறதா?

பிரவுசரில் நான் என் சம்பளக் கணக்கை மட்டும் பார்த்தால், நஷ்டம் என்னுடையது. ஆனால் ஒரு மருத்துவரின் மெயிலில் எக்ஸ்ரே வரும், ஸ்கேன் ரிப்போர்ட் வரும், பேரும் வயதும் போட்ட டிஸ்சார்ஜ் சம்மரி வரும். அதை நம்மிடம் கொடுத்தவர் நம் பிரவுசரின் வயதைக் கேட்டுவிட்டுக் கொடுக்கவில்லை. நம்பிக் கொடுத்தார்.

2017 மே மாதம் "வான்னக்ரை" தாக்கியபோது இங்கிலாந்தில் 236 அரசு மருத்துவ டிரஸ்டுகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. 19,000-க்கும் மேற்பட்ட அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாகியிருக்கும் என்று அந்நாட்டு தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. மாட்டியவற்றில் பெரும்பாலானவை அந்தத் திருத்தம் போடாத விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள்.

என் லேப்டாப்பும் விண்டோஸ் 7-தான். 4 ஜிபி ரேம். அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்தது. குரோம் 109-ம், ஃபயர்பாக்ஸில் 115 இ.எஸ்.ஆர் வரிசையும்தான் விண்டோஸ் 7-ல் ஓடும் கடைசிப் பதிப்புகள்.

ஒரு மாத்திரையை மாற்றலாம் என்று தொடங்கினால் கிட்னி டெஸ்ட் வரை போகுமே, அதே கதைதான். பிரவுசரை மட்டும் மாற்றினால் கீழே இருக்கும் விண்டோஸ் பழசாகவே இருக்கும்.

சரி, என்ன செய்தேன்?

வருடக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவருக்கு அதைத் திடீரென்று நிறுத்த மாட்டோம். உடம்பு அதை நம்பி இருக்கிறது. ஹெபாரின் ஊசியிலிருந்து வார்ஃபரின் மாத்திரைக்கு மாற்றும்போது, குறைந்தது 5 நாட்கள் இரண்டையும் சேர்த்தே கொடுப்போம். ஐஎன்ஆர் இலக்கைத் தொட்ட பிறகே ஊசியை நிறுத்துவோம்.

அதே முறைதான் இங்கும்.

முதல் வேலை, காப்பி. பிரவுசரின் ஹெல்ப் மெனுவில் "ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்" போனால் புரொஃபைல் ஃபோல்டரைத் திறக்கலாம். பிரவுசரை மூடிவிட்டு, அந்த ஃபோல்டரை முழுசாக இரண்டு இடங்களில் காப்பி எடுத்தேன். புதிய பதிப்பு ஒருமுறை புரொஃபைலைத் தன் வசதிக்கு மாற்றிவிட்டால், பழைய பதிப்பில் அது சரியாகத் திறக்கும் என்று சொல்ல முடியாது. காப்பி எடுக்காமல் அப்கிரேட் பட்டனைத் தொடாதீர்கள்.

இரண்டாவது, பரிசோதனை. ஸ்கிராப்புக் தன் சேமிப்பை எப்படி வைத்திருக்கிறது என்று பார்த்தேன். ஒவ்வொரு பக்கமும் ஒரு ஃபோல்டர். உள்ளே சாதாரண எச்டிஎம்எல் கோப்பு, பக்கத்திலேயே படங்கள். ஒன்றை எடுத்து வேறு பிரவுசரில் திறந்தேன்.

திறந்தது. ஈசிஜி இருந்தது. நான் அடித்த மஞ்சளும் அப்படியே இருந்தது. மஞ்சள் அந்தக் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

என் பொருளைப் பூட்டி வைத்திருப்பது பழைய பிரவுசர் என்று நினைத்திருந்தேன். பூட்டே இல்லை. போவது தலைப்பு வாரியான அடுக்கு மட்டும்தான். அதையும் மாற்றிக்கொள்ள "வெப்ஸ்கிராப்புக்" என்ற புதிய எக்ஸ்டென்ஷனும் அதனுடன் சேர்ந்த கருவியும் இருக்கின்றன.

மூன்றாவது, பிரித்து வைத்தல். பேங்க், மெயில், ரிப்போர்ட் எல்லாம் அப்டேட் வரும் இன்னொரு லேப்டாப்பில். பழைய லேப்டாப்பில் வைஃபை அணைக்கப்பட்டுவிட்டது. சேமித்த பாஸ்வேர்டுகளையும் அதிலிருந்து அழித்தாகிவிட்டது. இனி அது படிக்க மட்டும். மூன்று மாதம் இப்படி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். எதுவும் விட்டுப்போகவில்லை என்று தெரிந்ததும் பழையதில் லினக்ஸ் மின்ட் போட்டு, அதில் வரும் புதிய பிரவுசரோடு மறுபடி இணையத்துக்குக் கொண்டு வருவேன்.

ஒரு எச்சரிக்கை. "பழைய பதிப்பே போதும்" என்று கிடைத்த இடத்திலிருந்து இறக்கிப் போடாதீர்கள். இதே போன்ற இன்னொரு சிறிய பிரவுசரான பேல் மூனின் பழைய பதிப்புகளை வைத்திருந்த சர்வரில் யாரோ புகுந்து, அந்தக் கோப்புகளில் வைரஸ் கலந்திருந்ததை 2019 ஜூலையில் அதை உருவாக்கியவர்களே அறிவித்தார்கள். அதிகாரப்பூர்வ இடத்துக்கே அந்த நிலைமை.

சுருக்கமாகச் சொன்னால் உங்களிடம் நீங்களே கேட்க வேண்டியது நான்கு கேள்விகள்.

இது இணையத்தோடு இணைந்திருக்கிறதா?
ஓட்டை வந்தால் அடைக்க ஆள் இருக்கிறார்களா?
இதற்குள் இருப்பது என்னுடையது மட்டும்தானா, அடுத்தவருடையதும் இருக்கிறதா?
உள்ளே இருக்கும் பொருள் இது இல்லாமலும் திறக்குமா?

இணையத்தையே தொடாத கம்ப்யூட்டர் என்றால் அவசரம் இல்லை. நிதானமாகச் செய்யலாம். இணையத்தோடு இருக்கிறது, அடைக்க ஆள் இல்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

ஊரில் அப்பா பழைய லேப்டாப்பில் பென்ஷன் கணக்கு பார்க்கிறாரா? அடுத்த முறை போகும்போது அரை மணி நேரம் அவரோடு உட்காருங்கள். "இதெல்லாம் பழசு, தூக்கிப் போடுங்க" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அவர் அதற்குள் எதை வைத்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். காப்பி எடுத்து, புதியதில் திறந்து காட்டிவிட்டு, பிறகு மாற்றுங்கள்.

தன் பொருள் பத்திரமாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால் யாரும் மாறுவதற்குத் தயங்க மாட்டார்கள்.