தொப்பி எங்கே?

"ஏண்டி, தொப்பி எங்கே?" என்று அம்மா கேட்டதும் நான் திடுக்கிட்டுப் போனேன். எங்கள் வீட்டில் தொப்பி போடுகிறவர்கள் யாருமே இல்லை!

விஷயத்தை ஆதியிலிருந்து சொல்லிவிடுகிறேன். சென்ற தீபாவளிக்கு அம்மாவுக்கென்று 'ஸ்மார்ட் ஸ்பீக்கர்' ஒன்று வாங்கினேன். நாம் பேசினால் பதில் பேசும் ஒலிபெருக்கி. கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோயால் அம்மாவுக்குப் பார்வை வெகுவாக மங்கிவிட்டது. ரேடியோவின் குமிழைக்கூடத் தடவித்தான் தேட வேண்டும். வாயால் கேட்டால் மணி சொல்லும், பாட்டுப் போடும், மாத்திரை வேளையை நினைவூட்டும் என்றால் வேறென்ன வேண்டும்? கடையில் இருந்தவற்றிலேயே சிறியதாகப் பார்த்து எடுத்தேன். விலையும் கைக்கு அடக்கம்!

முதல் வாரம் பிரமாதமாகக் கழிந்தது. நடு இரவில் விழிப்புக் கொடுத்தால், என்னை எழுப்பாமல் அதனிடமே மணி கேட்டுக்கொண்டாள். பதில் வந்ததும், "மகராஜியாய் இரு" என்று ஆசீர்வாதம் வேறு!

எட்டாம் நாள்தான் வந்தது வினை. அம்மாவைப் பெற்ற தாத்தா மிருதங்கம் வாசித்தவர். அவர் வாசித்த கச்சேரி ஒன்று பழைய காஸெட்டில் இருந்தது. அதைச் செல்போனில் ஏற்றி, அந்தப் பெட்டி வழியாகப் போட்டேன். அம்மா கண்ணை மூடிக் கேட்டாள். முகம் மலரும் என்று நான் காத்திருந்தேன், மலரவில்லை.

"அப்பாவோட வலது கை மட்டுந்தான் வாசிக்கிறது. தொப்பி எங்கே?"

மிருதங்கத்தின் இடப் பக்கத்துக்குத்தான் தொப்பி என்று பெயர். கச்சேரிக்கு முன் ரவையைக் குழைத்து அதில் அப்புவார்கள். அந்தக் கனத்தினால் எழுவதுதான் ஆழ்ந்த 'கும்' ஒலி. அதை எழுப்ப ஒலிபெருக்கி நிறையக் காற்றை அசைத்தாக வேண்டும். உள்ளங்கை அகலப் பெட்டி பாவம், என்ன செய்யும்?

இந்தத் தகராறு என் வீட்டோடு நிற்கவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். 2014-ல் அமெரிக்காவில் அமேஸான் வெளியிட்ட 'எக்கோ'வில் நம் பேச்சைக் கேட்க ஏழு மைக்குகள் இருந்தன. 2018-ல் ஆப்பிள் 349 டாலருக்கு விற்ற 'ஹோம்பாட்'டிலோ கீழ் ஒலிக்கு ஒரு பெரிய ஸ்பீக்கர், மேல் ஒலிக்கு ஏழு சின்ன ஸ்பீக்கர்கள்! சங்கீதம் அபாரம், சமர்த்துப் போதாது என்றார்கள் விமர்சகர்கள்.

மூன்றாவது கதைதான் என் கண்ணைத் திறந்தது. 2017-ல் ஹார்மன் கார்டன் 'இன்வோக்' என்ற ஒலிபெருக்கியை விற்றது. அதில் பேசியவள் மைக்ரோஸாப்டின் 'கோர்ட்டானா'. 2021-ல் கோர்ட்டானா விடைபெற்றுக்கொண்டாள். பெட்டி வெறும் புளூடூத் ஒலிபெருக்கியாயிற்று. ஆனாலும் பாட்டு நிற்கவில்லை!

பார்த்தீர்களா? பெட்டியின் புத்தி பெட்டிக்குள் இல்லை. எங்கோ இருக்கும் கம்பெனியின் கம்ப்யூட்டரில் பெரும்பகுதி இருக்கிறது. அது இன்று வளரலாம், நாளை வேலையை விட்டும் போகலாம். தொண்டை மட்டுமே நமக்குச் சொந்தம். வாங்கிய பிறகு அது ஓர் அங்குலம்கூட வளராது. ஆகவே, சகோதரிகளே, கடைக்குப் போனால் அதனிடம் கேள்வி கேட்டுச் சிரித்துவிட்டு வராதீர்கள். மிருதங்கமோ தம்பூராவோ போடச் சொல்லிக் காது கொடுத்துக் கேளுங்கள்.

நல்ல வேளையாக எங்கள் பெட்டியின் முதுகில் கம்பி செருகும் துளை இருந்தது. எல்லாவற்றிலும் இராது, கேட்டு வாங்குங்கள். பரணிலிருந்த பழைய ஸ்டீரியோவை இறக்கித் தூசி தட்டி, இரண்டையும் இணைத்தேன். தாத்தாவின் இடது கை 'கும்'மென்று எழுந்தது. அம்மா தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டாள்.

"இரண்டில் ஒன்றுதான் என்றால் எது வேண்டும் அம்மா? பேச்சா, பாட்டா?" என்று கேட்டேன்.

"மணி கேட்க நீ இருக்கே. அப்பாவைக் கேட்க எனக்கு வேறே என்னடி இருக்கு?" என்றாள்.

என்னை எழுப்பக் கூடாதென்றுதானே அவள் பெட்டியிடம் மணி கேட்டாள்? அன்று இரவு என் பாயை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்துக்கொண்டேன்.