எல்லை கடக்கும் தேர்

கன்றின்மேல் தேரேற்றிய மைந்தனைத் தேர்க்காலிலிட்டு நீதி காத்தான் மனுநீதிச் சோழன் என்பது தமிழ்ப்பள்ளிகளில் சொல்லப்படும் கதை. இன்று தெருவில் ஓடுவன மகிழுந்துகள். ஓட்டுநர் பிழையால் ஒருவர் காலிழந்தால் அவர் குடும்பத்திற்குச் சோறிடுபவர் யார்? இவ்வினாவுக்கு ஒவ்வொரு நாடும் கண்ட விடையே வாகனக் காப்புறுதி. விடைகள் வேறாதலின் விலைகளும் வேறாயின.

கெடா மாநிலத்து ஆசிரியர் ஒருவர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஹாட்யாய்க்குப் புறப்பட்டார். ஐந்தாண்டுகள் இழப்பீடு கோராததால் 55 விழுக்காடு தள்ளுபடி பெற்றவர் அவர். சிங்கப்பூரிலும் புருணையிலும் செல்லுபடியாகும் தம் காப்புறுதிப் பத்திரம் தாய்லாந்திலும் செல்லும் என்றே எண்ணியிருந்தார். சங்லூனில் காப்புறுதி விற்பவர் தலையசைத்து மறுத்தார்.

காரணம் உண்டு. பிரிட்டன் 1930ஆம் ஆண்டுச் சட்டத்தால் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. மலேசிய, சிங்கப்பூர்ச் சட்டங்கள் அவ்வேரில் கிளைத்தவை. தாய்லாந்தோ 1992இல் தனக்கெனச் சட்டம் இயற்றியது. பிழை யாருடையது என முடிவாகும் முன்னரே, காயமுற்றவருக்கு முதற்கட்ட உதவித்தொகை கிடைக்க அது வழிசெய்கிறது. ஆனால், ஓட்டிச் செல்பவரின் மகிழுந்துக்கு நேரும் சேதத்திற்கு அக்கட்டாயக் காப்புறுதி பொறுப்பேற்காது. அதற்குத் தம் நிறுவனத்திடம் தனியே நீட்டிப்புப் பெறல் வேண்டும்.

"இதுவும் ஒரு செலவா?" என்று சலித்துக்கொண்டார் ஆசிரியர்.

"அந்த ஊர்ப் பிள்ளைமீது நம் வண்டி மோதிவிட்டால், இந்தப் பழைய தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?" என்றார் அவர் துணைவியார். ஆசிரியரிடம் மறுமொழி இல்லை.

சிங்கப்பூரில் மகிழுந்தின் விலையே மிக உயர்வு. அதனால் முழுக் காப்புறுதியின் செலவும் உயர்கிறது. தள்ளுபடியின் உச்சமோ 50 விழுக்காடுதான். நியூசிலாந்திலோ மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயமே இல்லை. அங்கு 1974 முதல், விபத்தில் காயமுற்றோரைப் பிழை பாராது பொதுநிதியே பேணுகிறது. பெட்ரோலிலும் வாகன உரிமக் கட்டணத்திலும் அதற்கான பங்கு அடங்கியுள்ளது. காப்புறுதி வாங்காதவரும் அங்கே அறியாமலே செலுத்துகிறார்.

ஆகவே, எந்நாட்டில் மலிவு என்று கேட்பதற்கு முன், அடிபட்டவர் கைக்கு என்ன வருகிறது என்று கேட்டலே முறை.

ஆசிரியர் பணத்தை எண்ணிக் கொடுத்துத் தாளை வாங்கிக்கொண்டார். மன்னன் மகனையே தந்தான். அவரிடம் கேட்கப்பட்டது சில ரிங்கிட் மட்டுமே.