பட்டியலில் விடுபட்ட ஓர் எண்



67,46,32,83,88,800. இந்த எண்ணுக்கு 10,080 காரணிகள். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. சிறிய உதாரணம் 12. அதற்கு 6 காரணிகள். 1 முதல் 11 வரை எதற்கும் ஆறு இல்லை.

காகிதத்திலேயே சரிபார்க்கலாம். பகாக் காரணிப்படுத்தினால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2×2 = 10,080.

இத்தகைய எண்களின் பட்டியலை 1915-இல் லண்டன் கணிதக் கழக இதழில் வெளியிட்டவர் ராமானுஜன். 1912 மார்ச் 1 அன்று, நம் ராயபுரத்துக்குப் பக்கத்தில், சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 30 ரூபாய் மாதச் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். பட்டியலின் கடைசி எண் மேலே உள்ளதுதான்.

அதே பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப் போயிருக்கிறது: 2,93,31,86,25,600. அதை 23-ஆல் பெருக்கினால் கடைசி எண்ணே வந்துவிடுகிறது!

திருவொற்றியூரில் என் பழைய மாணவன் ஒருவனின் மகள், பரீட்சையில் ஒரு கணக்கை விட்டுவிட்டு வந்து, "எனக்குக் கணக்கே வராது தாத்தா, காமர்ஸ் எடுத்துக்கறேன்" என்றாள். இரண்டு எண்களையும் எழுதிக் கொடுத்தேன். பெருக்கிப் பார்த்தாள். "ராமானுஜனேவா விட்டுட்டாரு?"

"ஆமாம்மா. அந்தக் கட்டுரையை இன்னும் படிக்கிறாங்க."

எந்தப் பிரிவு என்று இன்னும் முடிவு சொல்லவில்லை. சொல்லட்டும், அவசரமில்லை.

உங்களுக்கு வீட்டுப்பாடம்: விடுபட்ட எண்ணுக்கு எத்தனை காரணிகள்? பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போடுங்கள். கால்குலேட்டர் வேண்டாம்.