வளையத்தின் கீழ் நடுவுநிலை

தமிழாசிரியனுக்கும் கூடைப்பந்தாட்டத்துக்கும் யாது தொடர்பு என்று பழைய மாணவர் சிலர் வினவக்கூடும். பயிற்றப்பட்ட ஆசிரியனுக்கு விளையாட்டுத் திடலிலும் கடமை உண்டு. இல்லங்களுக்கிடையிலான போட்டிகளில் மத்தியஸ்தனாக நிற்கும் பேறு எனக்கு அவ்வாறே வாய்த்தது. அங்கு யான் கண்ட மிகக் கடினமான கணம், குறி தவறிய பந்து வளையத்திற் பட்டு மீளும் கணமேயாகும்.

அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில், 1891ஆம் ஆண்டு டிசெம்பரில் இவ்வாட்டத்தை வகுத்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். தோளால் இடித்தல், பிடித்தல், தள்ளுதல், இடறச் செய்தல், அடித்தல் ஆகியவற்றை அவருடைய 13 விதிகளுள் ஐந்தாவது விதி விலக்கிற்று. ஆயினும், மீளும் பந்தை நாடிப் பலர் ஒருங்கே எழும்போது உடல்கள் உராயாதிருத்தல் அரிது. ஆதலின் இன்றைய சர்வதேச விதிகள் உராய்வு அனைத்தையும் குற்றமெனக் கொள்வதில்லை. முறையாகப் பெற்ற இடத்துக்கும் அதற்கு நேர்மேலுள்ள வெளிக்கும் ஆட்டக்காரன் உரியவன் என்பதே அவற்றின் அடிப்படை.

குறுகிய உருவினன் ஒருவன், எதிரணியினனைத் தன் முதுகுக்குப் பின் நிறுத்திக் கால் ஊன்றி நிற்கிறான் எனக் கொள்வோம். பின்னிற்கும் நெடியவன் நேர்மேலே எழுந்து, முன்னவனை இடியாது பந்தைப் பற்றினால் அது குற்றமன்று. பார்வையாளர் எத்துணை ஆரவாரித்தாலும் விசில் ஒலித்தலாகாது. அவனே முழங்கையாலோ இடுப்பாலோ முன்னவனை நகர்த்திவிட்டுப் பற்றினால் அது குற்றம். முன்னிற்பவன் பின்புறமாகத் தள்ளி மற்றவனை அகற்றினாலோ, அவனும் குற்றவாளியே.

இதனைக் காணவேண்டிய மத்தியஸ்தர் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்றலாகாது. எல்லார் கண்களும் வளையத்தை நோக்குகையில், அவர் கண்கள் தோள்களையும் கைகளையும் இடுப்புகளையும் நோக்கவேண்டும். முதுகில் ஊன்றிய கை முன்னிருந்து பார்ப்பவருக்குப் புலப்படாது. இரு மத்தியஸ்தர்கள் வெவ்வேறு திசையில் நிற்பதன் பயன் இதுவே.

திருக்குறளின் 12ஆம் அதிகாரமாகிய நடுவு நிலைமையை வகுப்பில் ஆண்டுதோறும் கற்பிக்கின்றேன். அங்கே பொருள் கூறுதல் எளிது. வளையத்தின் கீழே, இமைப்பொழுதில் அதன்படி நிற்றலே அரிது. தள்ளியவன் தண்டனையின்றிப் பந்தைப் பெறின், முறையாக நின்ற சிறுவன் கற்கும் பாடம் யாது? உரிய இடத்தில் நிற்றல் பேதைமை என்பதன்றோ! நெடியவனை அவனது உயரத்துக்காகவே தண்டிப்பின், அவன் கற்கும் பாடமும் அத்தகையதே.

இக்கல்லூரித் திடலில் விளையாடிய பலர் இன்று தீர்ப்புக் கூறும் இடங்களில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு ஒன்று கூறுவேன்: ஆரவாரத்துக்குச் செவிகொடாது, இடம்பெயர்ந்தவன் யார், பெயர்த்தவன் யார் என்பதையே நோக்குக.