உப்பை வெல்லும் மரங்கள்

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பர் நம் முன்னோர். ஆனால், அந்த உப்பே மண்ணில் மிகுந்துவிட்டால்? வேர் நீரை உறிஞ்ச இயலாது. உள்ளே புகும் சோடியமோ பொட்டாசியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு பயிரைக் கருக்கிவிடும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை புகுந்த கடலோர வயல்கள் பல இவ்வாறே பாழாயின.

ஆயினும், சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் அலையாத்தி மரங்கள் உப்புநீரிலேயே நின்று தழைக்கின்றன! கல்விச் சுற்றுலா சென்றபோது, படகோட்டி அண்ணன் வெண்கண்டல் இலையொன்றைக் கொடுத்தார். நாவில் வைத்துப் பார்த்தோம், உப்புக் கரித்தது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அம்மரத்தின் வேர் உப்பின் பெரும்பகுதியை வாயிலிலேயே தடுத்துவிடுகிறது. தப்பி ஏறியதை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியேற்றுகின்றன.

இவ்வேலைகளைச் செய்பவை புரதங்கள். அவற்றை ஆக்கும் குறிப்பு மரபணுக்களில் உள்ளது. மரபணுக்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் இயங்குவதில்லை. வேரில் உப்புப் பட்டவுடன், உயிரணுவினுள் கால்சியம் பெருகிச் செய்தி சொல்கிறது. அதனால் தூண்டப்பட்ட சில புரதங்கள், தேவையான மரபணுக்களின் அருகே அமர்ந்து அவற்றை முடுக்கிவிடுகின்றன. உடனே சோடியத்தை வெளியே தள்ளும் புரதமும், அதை உயிரணுவினுள் ஒரு பையில் அடைத்து வைக்கும் புரதமும் மிகுதியாக உருவாகின்றன.

இவற்றை ஒத்த மரபணுக்கள் உப்பைத் தாங்காத செடிகளிலும் உண்டு என்பது வியப்பன்றோ! அவை எப்போது, எங்கே, எவ்வளவு இயங்குகின்றன என்பதில்தான் வேறுபாடு பெரிதும் அடங்கியுள்ளது. மத்திய ஆசியப் பாலைவன ஆற்றங்கரைகளில் வளரும் யூப்ரடீஸ் பாப்லர் மரத்தில், உப்பு வருமுன்பே இத்தகைய மரபணுக்கள் பல விழித்திருக்கின்றன. உப்பைத் தாங்காத அதன் உறவு மரமோ, உப்புத் தாக்கிய பின்னரே பரபரக்கிறது.

சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், வெண்கண்டலின் மரபணு ஒன்றை நெல்லில் செலுத்தினர். அந்நெற்பயிர் உப்பை முன்னிலும் நன்கு தாங்கியதை 2008இல் வெளியிட்டனர். இம்முயற்சிகள் கனிந்து வயலை எட்டினால், கடலோர உழவர் எத்தனை பேர் கண்ணீர் துடைக்கப்படும்!

தோழியரே, நம் அலமாரியிலும் நல்ல நூல்கள் பல உண்டு. அவை இருந்தால் மட்டும் போதுமா? தேர்வு வந்த பின் பரபரப்பதா, வருமுன்பே விழித்திருப்பதா? உப்புநீரில் நிற்கும் மரத்திடம் கேட்போம். அது நமக்கு நல்ல விடை சொல்லும்.