உள்ளே காய்ஞ்சுதா?

"உப்புத் தண்ணியில ஓட்டினீங்கள்ல சார், அதான் பசை விட்டுருச்சு" என்று நான் போனில் சொன்னபோதே அது பொய் என்று எனக்குத் தெரியும். கடலில் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி. உப்பு பட்டதும் பாய் கழன்றுவிடும் என்றால் அதை யார் வாங்குவார்கள்? வண்டியின் சொந்தக்காரர் நல்ல மனிதர். "அப்படியா தம்பி, திரும்ப ஒட்டிக் குடுத்துடுங்க. பசைக் காசைத் தந்துடறேன்" என்றார். கூசாமல் அந்த 1,400 ரூபாயையும் வாங்கிக்கொண்டேன்.

முட்டுக்காட்டில் வாட்டர் ஸ்கூட்டர் பார்த்திருப்பீர்கள். பைக் மாதிரி உட்கார்ந்து ஓட்டுவது. நான் சொல்வது அது அல்ல, நின்றுகொண்டு ஓட்டுவது. கவாசாகி 1973-ல் ஜெட் ஸ்கீ என்று கொண்டுவந்தது இந்த ரகத்தைத்தான். யமஹாவின் சூப்பர் ஜெட் 1990-ல் வந்தது. சீட் கிடையாது. பின்பக்கம் குழிவாக ஒரு தட்டு இருக்கும், ட்ரே என்பார்கள். மண்டியிட்டுக் கிளம்பி, வேகம் வந்ததும் அதில் எழுந்து நிற்க வேண்டும். கால் வழுக்காமலும் முட்டி தேயாமலும் இருக்க ட்ரேயில் ரப்பர் மாதிரியான ஃபோம் பாய் ஒட்டியிருக்கும். குதித்து விழுகிற அடி முழுக்க அந்தத் தட்டின் மேல்தான். அதற்கு அடியில், வண்டியின் வெளி ஓட்டுக்குள், மிதப்பதற்காக வேறொரு ஃபோம் அடைத்திருப்பார்கள். என் கதை அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஃபோமைப் பற்றியது.

கோவளம் பக்கம் ஒரு ஃபைபர் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். 2020 ஊரடங்கில் பட்டறை மூடியது, ஜவ்வாது மலைக்கே திரும்பிவிட்டேன். ஜமுனாமரத்தூரிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் எங்கள் ஊர். ஆண்டுக் கடைசியில், அந்தச் சொந்தக்காரர் ட்ரேயைச் சரிசெய்ய அனுப்பிய பழைய சூப்பர் ஜெட்டின் வெறும் ஓடு, இன்ஜின் கழற்றியது, குட்டி யானையில் போளூர் வழியாக மலையேறி வந்து எங்கள் வாசலில் இறங்கியது. ஊரே கூடிவிட்டது. கோமுட்டேரியில் மிதி படகு பார்த்த பிள்ளைகள், "இதுல பெடல் எங்கண்ணே?" என்று கேட்டார்கள்.

இறக்கும்போதே நான்கு பேர் திணறினோம். இன்ஜின் இல்லாத ஓடு அவ்வளவு கனக்கக் கூடாது. பழைய பாயைச் சுரண்டி எடுத்தால், தட்டில் முடி மாதிரி விரிசல்கள், நடுவில் யாரோ போட்ட இரண்டு திருகு ஓட்டைகள். ஓட்டைமேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். மஞ்சளாகத் தண்ணீர் கொப்பளித்தது.

அப்போதே தட்டை அறுத்துத் திறந்திருக்க வேண்டும். ஆறாயிரம் ரூபாய்க்குப் பேசிய வேலை, பத்து நாளில் தருவதாக வாக்கு. ஓட்டைகளைத் திறந்துவைத்து நான்கு நாள் வெயிலில் போட்டேன். மார்கழி வெயில் எங்கள் மலையில் பதினோரு மணிக்கு வந்து நான்கு மணிக்குப் போய்விடும். அம்மா களத்தில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தாள். நாலைந்து மணியை வாயில் போட்டு, முன்பல்லில் கடித்து, சத்தத்தைக் கேட்டுவிட்டு "இன்னும் ஒரு வெயில் வேணும்" என்று பரப்பிவிட்டாள். என் பக்கம் வந்து ஓட்டைத் தட்டினாள். "உள்ளே காய்ஞ்சுதாடா?" என்றாள். மேலே தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ந்துவிட்டது என்றேன்.

அடுத்த தப்பு ரெசினில். மிதி படகுகளுக்குப் போட்டுப் பழகிய பாலியஸ்டர் ரெசினையே கலந்து, ஃபைபர் மேட் வைத்து விரிசல்களை மூடினேன். சூப்பர் ஜெட்டின் ஓடு கையால் அடுக்கிய ஃபைபர் அல்ல, அச்சில் சூடாக அழுத்தி எடுத்தது. அதில் பாலியஸ்டர் மேலாகத்தான் பிடிக்கும், எபாக்ஸிதான் சரி. தெரியும். எபாக்ஸி வாங்க மலை இறங்க வேண்டுமே! போதாததற்குக் குளிர். பதினைந்து டிகிரிக்குக் கீழே போனால் பாலியஸ்டர் ஒழுங்காக இறுகாது. ஹார்ட்னரைக் கூட்டி ஊற்றிச் சமாளித்தேன்.

மூன்றாவதுதான் எனக்கு இன்றும் வெட்கம். பாய் ஒட்டும் ரப்பர் பசையை இரண்டு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு அழுத்த வேண்டும். பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது அந்தப் பரப்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமானால் அதன்மேல் பனி படிந்துவிடும், கண்ணுக்கே தெரியாது. நான் பசை பூசியது காலை ஏழு மணிக்கு, எதிரே இருக்கிற புளியமரம் தெரியாத மூடுபனியில். இதே மலையில் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. ஈரப்பதம் ஏறினால் கண்ணாடியில் பனி படியும் என்று குவிமாடத்தையே மூடிவிடுவார்கள். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த சேதி. நமக்கென்ன, நட்சத்திரமா பார்க்கிறோம் என்று பூசினேன்.

பாய் அழகாகத்தான் உட்கார்ந்தது. இரண்டே ஓட்டத்தில் பின் ஓரம் நாக்கு மாதிரி தொங்கிவிட்டது என்று போன் வந்தது. அந்தப் போனில்தான் உப்பின்மேல் பழி போட்டேன்.

ஓடு மறுபடி மலையேறியது. பாயை இழுத்தேன். நான் போட்ட ஃபைபர் பட்டையும் அப்பளம் மாதிரி சேர்ந்து வந்தது, அடிப்பக்கம் முழுக்க ஈரம். கிரைண்டரை எடுத்து, ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விட்டுத் தட்டை அறுத்தேன். உள்ளே ஃபோம் ஊறிய இட்லி மாதிரி கிடந்தது. தோண்டி மூட்டையில் போட்டு, பக்கத்து வீட்டில் புளி நிறுக்கிற தராசில் தொங்கவிட்டேன். 11 கிலோ. அதையே பரணில் போட்டுவைத்து, ஒரு மாதம் கழித்து நிறுத்தேன். ஒன்றரைக் கிலோகூட இல்லை.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஓட்டுக்குள் இரண்டு குண்டு பல்பு எரியவிட்டு ஒரு வாரம் காயவைத்தேன். வேலூர் போய் எபாக்ஸி வாங்கி வந்தேன். முதலில் அசிட்டோனில் துடைத்து, பிறகு உப்புத்தாள் போட்டேன். மாற்றிச் செய்தால் பழைய ஆயில் கீறலுக்குள் இறங்கிவிடும். தட்டை மறுபடி பொருத்தி, மேலே மூன்று அடுக்கு மேட். உள்ளே இரண்டு திரவம் கலந்து ஊற்றுகிற புது ஃபோம். பொங்கி வழிய ஓட்டை விட்டு, கடைசியில் அதையும் அடைத்தேன். காகிதத்தில் அச்சு வெட்டி, பாயின் ஓரத்தைச் சாய்வாகச் சீவினேன். பசை பூசியது மத்தியானம் ஒரு மணிக்கு.

ஓட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நடந்ததைச் சொல்லி 1,400 ரூபாயை நீட்டினேன். பரவாயில்லை என்பார் என்று உள்ளூர எதிர்பார்த்தேன்தான். எண்ணிப் பார்த்து வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். பாய் இன்றுவரை அசையவில்லை என்று கேள்வி. அவர் எனக்கு வேறு வேலை தரவில்லை.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் இன்ஜின் சத்தத்தில் மயங்குவதற்கு முன்னால் ஓட்டை எடை போட்டுப் பாருங்கள். ட்ரேயை நான்கு நாளில் சரிசெய்து தருகிறேன் என்று எந்தப் பட்டறைக்காரனாவது சொன்னால், அவன் நானாகவே இருந்தாலும், அடி ஃபோமைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.